ஷெல்டனைப் பார்த்துச் சிரிப்பது யார்?

2007 செப்டம்பரில் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘தி பிக் பேங் தியரி’, 2019 மே மாதம் முடிந்தபோது 12 சீசன், 279 எபிசோட் ஓடியிருந்தது. அத்தனைக்கும் அச்சாணி ஷெல்டன் கூப்பர் என்ற இயற்பியலாளர். சோபாவில் அவருக்கென்று ஓர் இடம் உண்டு, வேறு யாரும் அதில் உட்காரக் கூடாது. எதிர்வீட்டுக் கதவை மும்மூன்று தட்டாகத் தட்டி, ஒவ்வொரு தடவையும் உள்ளே இருப்பவரின் பெயரைச் சொல்லுவார். இன்ன கிழமைக்கு இன்ன சாப்பாடு என்பது மாறவே மாறாது. கிண்டலாகச் சொன்னதை அப்படியே நம்பிவிடுவார். யாராவது தொட்டால் கூசிப்போவார். ரயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் கொட்டாவி விடுவது அவர் கண்ணில் படாது.

ஆட்டிசம் பற்றிக் கொஞ்சமேனும் தெரிந்தவர்களுக்கு இந்தப் பட்டியல் போதும். ஆனால் 279 எபிசோடிலும் ஷெல்டனுக்கு ஆட்டிசம் என்று யாரும் தீர்மானமாகச் சொல்வதில்லை. உனக்கென்ன பைத்தியமா என்ற பேச்சு எழும்போது, இல்லை, அம்மா அப்போதே சோதித்துப் பார்த்துவிட்டார் என்று அவரே பதில் சொல்லுவார். அரங்கம் அதிரும். பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

இது எழுதியவர்கள் தெரிந்தே எடுத்த முடிவு. தொடரை உருவாக்கிய இருவரில் ஒருவரான பில் பிரேடி, முன்பு தன்னோடு வேலை பார்த்த கணினி நிரலாளர்களை மனதில் வைத்து இந்தப் பாத்திரத்தை எழுதியதாகச் சொல்லியிருக்கிறார். ஷெல்டனாக நடித்து நான்கு எம்மி விருது வாங்கிய ஜிம் பார்சன்ஸ், இவருக்கு ஆட்டிசத்தின் ஒரு வகையான ஆஸ்பெர்ஜர் இருக்கிறதா என்று எழுத்தாளர்களிடமே கேட்டார். இல்லை என்று பதில் வந்தது. அந்தப் பெயரை வைத்துவிட்டால் விவரங்களையெல்லாம் சரியாகக் காட்டவேண்டிய சுமை வந்து சேரும் என்பது பிரேடியின் விளக்கம்.

தொலைக்காட்சி நகைச்சுவையில் ஆட்டிசம் எப்படிக் கையாளப்பட்டிருக்கிறது என்ற கேள்விக்கு இந்த விளக்கமே சரியான வாசல். ஷெல்டனின் குணங்கள் வேண்டும், அவற்றால் வரும் பொறுப்பு வேண்டாம். பெயர் வைத்திருந்தால், 12 வருஷமாக அவரைச் சீண்டும் நண்பர்கள் பார்ப்பவர் கண்ணுக்கு வேறு மாதிரி தெரிந்திருப்பார்கள். பெயர் இல்லாததால், ஓர் ஊனத்தைக் கேலி செய்கிறோம் என்ற உறுத்தல் யாருக்கும் வரவில்லை.

தொலைக்காட்சிக்கு ஷெல்டன் மாதிரியான வார்ப்பு எங்கிருந்து கிடைத்தது என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. லியோ கேனர் அமெரிக்காவில் 1943-லும், ஹான்ஸ் ஆஸ்பெர்ஜர் வியன்னாவில் 1944-லும் இந்த இயல்புள்ள குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். ஆஸ்பெர்ஜரின் கட்டுரையை 1981-ல் லோர்னா விங் ஆங்கிலம் படிப்பவர்களின் கவனத்துக்குக் கொண்டுவரும்வரை, பேச்சும் அறிவும் சரளமாக உள்ள ஒருவருக்கும் ஆட்டிசம் இருக்கலாம் என்பது பரவலாகத் தெரியாது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் ஆஸ்பெர்ஜர் தனிப் பெயராக ஏறியது 1994-ல். 2013-ல் அது ஆட்டிசம் என்ற பொதுப் பெயருக்குள் சேர்க்கப்பட்டது. இதற்கிடையில் 1988-ல் வந்த ‘ரெயின் மேன்’ திரைப்படம் டஸ்டின் ஹாஃப்மனுக்கு ஆஸ்கர் வாங்கிக் கொடுத்ததோடு, ஆட்டிசம் என்றால் மனக்கணக்கில் புலி, மனிதர்களிடம் மரம் என்ற சித்திரத்தையும் உலகம் முழுக்கப் பதித்துவிட்டது. அத்தகைய அபூர்வத் திறமை ஆட்டிசம் உள்ளவர்களில் சிறுபான்மையோருக்கே உண்டு. ஆனால் எழுத்தாளர்களுக்கு அது வசதியான வார்ப்பு. மேதை என்று காட்டிவிட்டால் எத்தனை முரட்டுத்தனத்தையும் பார்ப்பவர்கள் மன்னித்துவிடுவார்கள். பிரிட்டனின் சேனல் 4-இல் 2006-ல் தொடங்கிய ‘தி ஐடி க்ரௌட்’டில் ரிச்சர்ட் அயோடே நடித்த மாஸ், அலுவலகத்தில் தீப்பிடித்ததும் தீயணைப்புத் துறைக்கு முறையான கடித வடிவத்தில் மின்னஞ்சல் எழுத உட்காருவார். அவரும் பெயர் சூட்டப்படாதவர்தான்.

ஷெல்டனின் சிரிப்பு எப்படி வேலை செய்கிறது என்று கிட்டத்தில் பார்க்க, 2008 டிசம்பரில் வந்த கிறிஸ்துமஸ் எபிசோட் ஒன்று போதும். எதிர்வீட்டுப் பென்னி உனக்கொரு பரிசு வாங்கி வைத்திருக்கிறேன் என்கிறாள். ஷெல்டனுக்குக் கதிகலங்குகிறது. அவள் தருவதற்குச் சமமாகத் தானும் தரவேண்டுமே! கடைக்குப் போய்க் குளியல் சாமான் கூடைகளைச் சிறிதும் பெரிதுமாக வாங்கிக் குவிக்கிறார். முதலில் அவள் பரிசைப் பிரிப்பது, விலையை மதிப்பிடுவது, வயிறு சரியில்லை என்று உள்ளே போய் அந்த விலைக்குப் பொருந்தும் கூடையை எடுத்துவருவது, மிச்சத்தைக் கடையில் திருப்பிக் கொடுப்பது. இதுதான் திட்டம். பென்னி கொடுத்ததோ ஒரு காகிதக் கைத்துடைப்பான். ‘ஸ்டார் டிரெக்’ நடிகர் லியோனார்ட் நிமாய் வாய் துடைத்து, ஷெல்டன் பெயருக்குக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தது. ஷெல்டன் உள்ளே ஓடுகிறார், இருக்கிற கூடைகள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வருகிறார். அதுவும் போதாது என்று தோன்ற, தொடுவதையே வெறுக்கிற அவர் பென்னியைக் கட்டிக்கொள்கிறார்.

தமிழ்நாட்டில் மொய் நோட்டு எழுதி வளர்ந்தவர்களுக்கு ஷெல்டனின் கவலை ஒன்றும் புதிதல்ல. வந்த மொய்க்குக் குறையாமல் திருப்பிச் செய்யவேண்டும் என்று கணக்குப் பார்க்காத குடும்பம் உண்டா? அவர் செய்த ஒரே காரியம், எல்லாரும் மனதுக்குள் போடும் கணக்கை வாய்விட்டுப் போட்டது. அதனால்தான் அந்தக் காட்சி இன்றைக்கும் நிற்கிறது. சமூகம் மறைத்து வைத்திருக்கும் விதியை ஒருவர் வெளிப்படையாகக் கையாளும்போது வருகிற சிரிப்பு அது. அதில் இழிவு இல்லை. ஆட்டிசம் உள்ள பலர் ஷெல்டனை நேசிப்பதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். தொலைக்காட்சியில் முதன்முதலாகத் தங்களைப்போல ஒருவரை, அதுவும் நண்பர்கள், வேலை, காதல், கல்யாணம், கடைசியில் நோபல் பரிசு என்று எல்லாமும் கிடைத்த ஒருவரைப் பார்த்தோம் என்று அவர்கள் சொல்லும்போது அதைத் தள்ளிவிட முடியாது.

ஆனால் அந்தத் தொடரின் பெரும்பகுதிச் சிரிப்பு இந்த ரகம் அல்ல. தொடர் படமானது ஸ்டூடியோவில் பார்வையாளர்களை உட்காரவைத்து. அவர்கள் சிரிப்பதும் ஒலிப்பதிவில் சேரும். ஷெல்டன் ஒன்று சொல்வார். கேமரா அறைத்தோழர் லியோனார்டின் முகத்துக்கோ பென்னியின் முகத்துக்கோ தாவும். அவர்கள் கண்ணை உருட்டுவார்கள், பெருமூச்சு விடுவார்கள். சிரிப்பு அந்த இடத்தில்தான் விழும். நாம் ஷெல்டனைப் பார்ப்பது பெரும்பாலும் அவரைச் சகித்துக்கொள்பவர்களின் கண்வழியாக. அவருக்குள் என்ன நடக்கிறது, சோபாவில் இடம் மாறினால் உடம்பில் என்ன உணர்கிறார் என்பது நமக்குத் தெரிவதில்லை. அவர் பதற்றப்படும்போதும் அரங்கம் சிரிக்கிறது. கதவை மூன்று முறை தட்டுவதற்குப் பின்னால், 13 வயதில் அப்பாவை வேறொரு பெண்ணோடு பார்த்துவிட்ட அதிர்ச்சி இருக்கிறது என்று பத்தாவது சீசனில் சொல்கிறார்கள். அதுவரை ஒன்பது வருஷம் நாம் அந்தத் தட்டலுக்குச் சிரித்திருக்கிறோம்.

இதே பாத்திரத்திலிருந்து சிரிப்பொலியை மட்டும் எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று அதே தயாரிப்பாளர்கள் நமக்குக் காட்டினார்கள். 2017-ல் தொடங்கி 2024 வரை ஏழு சீசன் வந்த ‘யங் ஷெல்டன்’ டெக்சாஸில் வளரும் சிறுவன் ஷெல்டனின் கதை. ஸ்டூடியோப் பார்வையாளர்கள் இல்லை, பின்னணிச் சிரிப்பு இல்லை. சாப்பாட்டுக்கு முன் குடும்பம் கைகோத்து ஜெபம் செய்யும்போது, கிருமிக்குப் பயந்த சிறுவன் கையுறை மாட்டிக்கொள்கிறான். வீட்டில் யாருக்கும் அது வேடிக்கையாகப் படவில்லை. அண்ணனுக்கு எரிச்சல், அம்மாவுக்குக் கவலை, இரட்டைச் சகோதரி மிஸ்ஸிக்குத் தன்னை யாரும் கவனிப்பதில்லையே என்ற ஏக்கம். குணங்கள் அவையேதான். ஆனால் இங்கே ஷெல்டன் ஒரு குடும்பத்தின் பிள்ளை. அவனைப் புரிந்துகொள்ள முயலும் மனிதர்கள் சுற்றிலும் இருக்கிறார்கள். இங்கேயும் பெயர் வைக்கவில்லை என்பது என் குறைதான். இருந்தும், இரண்டு தொடர்களில் சின்னதே நேர்மையானது என்பேன்.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் வளாகத்தைச் சேர்ந்த நோவா சாசன் குழுவினர் 2017-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே பொருந்தும். ஆட்டிசம் உள்ளவர்கள் பேசும் சில விநாடிக் காணொளியைப் பார்த்த மற்றவர்கள், இவரோடு பழக எனக்கு விருப்பமில்லை என்று சட்டென்று முடிவு கட்டினார்கள். அதே பேச்சை முகமும் குரலும் இல்லாமல் எழுத்தாக மட்டும் கொடுத்தபோது அந்த விலக்கம் காணாமல் போனது. அவர்கள் சொன்னதில் எந்தக் குறையும் இல்லை. பார்வை, குரலின் ஏற்ற இறக்கம், உடம்பை வைத்துக்கொள்ளும் விதம் ஆகியவைதான் மற்றவர்களை ஒதுங்கவைத்தன. நகைச்சுவைத் தொடரின் மூலதனமே அவைதாம். விறைத்த நடை, ஒரே தொனிப் பேச்சு, நிலைகுத்திய பார்வை. பள்ளியிலும் அலுவலகத்திலும் ஒரு பிள்ளையை ஒதுக்கிவைப்பதற்குக் காரணமாகும் அதே அடையாளங்களை, சிரிக்கவேண்டிய அடையாளங்களாகக் கோடிக்கணக்கானவர்களுக்குப் பழக்கும்போது அதற்கு விளைவு இருக்காது என்று நான் நம்பவில்லை.

வேறு வழி இருக்கிறது என்று முதலில் காட்டியது ‘கம்யூனிட்டி’. 2009 முதல் 2015 வரை ஆறு சீசன் வந்த தொடர். டான் ஹார்மன் உருவாக்கியது. ஒரு சமுதாயக் கல்லூரியில் படிக்கும் கும்பலில் அபேத் நாடிர் ஒருவன். அப்பா பாலஸ்தீனர், அம்மா போலந்துக்காரர். மனிதர்களைப் புரிந்துகொள்ள அவனுக்குக் கிடைத்த வழி சினிமாவும் தொலைக்காட்சியும். முதல் எபிசோடிலேயே ஆஸ்பெர்ஜர் என்ற சொல் வருகிறது, ஆனால் ஒருவன் எரிச்சலில் அபேத் மீது வீசும் வசையாக வருகிறது. அந்த ஆரம்பத்திலிருந்து தொடர் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதை 2010 டிசம்பர் 9 அன்று ஒளிபரப்பான எபிசோடில் பார்க்கலாம். அன்றைக்கு அபேத்துக்கு உலகமே களிமண் பொம்மைகளாகத் தெரிகிறது. முழு எபிசோடும் பொம்மை அசைவுப் படமாகவே எடுக்கப்பட்டிருக்கிறது. அதாவது, அவன் கண்ணில் தெரிவதுதான் நமக்கும் தெரியும். நண்பர்கள் முதலில் பயப்படுகிறார்கள். உளவியல் ஆசிரியர் ஒருவர் இதை வைத்துப் பேர் வாங்கப் பார்க்கிறார். கடைசியில் காரணம் தெரிகிறது. ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் 9 அன்று அம்மா வருவார், இருவரும் சேர்ந்து கிறிஸ்துமஸ் படம் பார்ப்பார்கள். இந்த வருஷம் அம்மாவுக்கு வேறு குடும்பம் அமைந்துவிட்டது, வரவில்லை என்று எழுதிவிட்டார். நண்பர்கள் அவனை வெளியே இழுப்பதை விட்டுவிட்டு, அவனுடைய களிமண் உலகத்துக்குள் இறங்குகிறார்கள்.

அந்த எபிசோட் நெடுகச் சிரிப்பு உண்டு. ஆனால் அபேத்தை வெளியே நிறுத்திவிட்டு ஒரு தடவைகூடச் சிரிக்க முடியாது. ஆட்டிசம் உள்ள மனதுக்கு உணர்ச்சி குறைவு என்ற பழைய பொய்யை உடைக்க இதைவிட நல்ல 20 நிமிடத்தை நான் தொலைக்காட்சியில் பார்த்ததில்லை. இதை எழுத ஹார்மனால் முடிந்ததற்குக் காரணம் உண்டு. அபேத்தை ஒழுங்காக எழுதவேண்டும் என்று ஆட்டிசம் பற்றிப் படிக்கத் தொடங்கியவர், படிக்கப் படிக்க அந்த அடையாளங்களில் தன்னையே கண்டதாக 2011-ல் பேட்டி கொடுத்தார். பிரேடி சுமை என்று தவிர்த்த வேலையை ஹார்மன் செய்தார். இரண்டு தொடர்களுக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் பிறக்கிறது.

ஆய்வுலகிலும் அதே காலத்தில் ஒரு திருப்பம் நடந்தது. தானும் ஆட்டிசம் உள்ளவரான பிரிட்டிஷ் சமூகவியலாளர் டேமியன் மில்ட்டன் 2012-ல் ஒரு வாதத்தை வைத்தார். ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவர்களைப் புரிவதில்லை என்கிறோம். மற்றவர்களுக்கும் அவரைப் புரிவதில்லையே, அதை ஏன் குறையாகக் கணக்கில் எடுப்பதில்லை? புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது என்றார். 2020-ல் எடின்பரோவில் கேத்தரின் க்ராம்ப்டன் குழுவினர் இதைச் சோதித்தார்கள். ஒரு கதையை எட்டுப் பேர் வரிசையில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சொல்லவைத்தார்கள். எட்டுப் பேருமே ஆட்டிசம் உள்ளவர்களாக இருந்த வரிசையில், ஆட்டிசம் இல்லாதவர்களின் வரிசையில் போலவே கதை நன்றாகப் போய்ச் சேர்ந்தது. இரு தரப்பும் கலந்து நின்ற வரிசையில்தான் விவரங்கள் அதிகம் உதிர்ந்தன. நகைச்சுவை எழுதுகிறவருக்கு இது பெரிய புதையல். இரு தரப்பும் ஒருவரை ஒருவர் தவறாகப் புரிந்துகொள்வதில் எத்தனை சிரிப்பு இருக்கிறது! அதை விட்டுவிட்டு ஒரு தரப்பை மட்டுமே பொம்மையாக்கியதால் அரைக் கிணறுதான் தாண்டினார்கள்.

அடுத்த தலைமுறைத் தொடர்களில் பெயர் வெளிப்படையாக வந்தது. 2017-ல் நெட்ஃபிளிக்ஸில் தொடங்கிய ‘ஏடிபிகல்’ தொடரின் நாயகன் சாம், 18 வயது, பெங்குவின் பைத்தியம். முதல் சீசன் கடுமையாக விமர்சிக்கப்பட்டது. சாமாக நடித்தவர் ஆட்டிசம் இல்லாதவர். சாமின் தடுமாற்றங்கள் பழைய பாணியிலேயே சிரிப்பாக்கப்பட்டன. விமர்சனம் பலித்தது. இரண்டாம் சீசனில் ஆட்டிசம் உள்ள இளைஞர்களையே நடிக்கவைத்துச் சாமுக்கு ஒரு நண்பர் வட்டம் சேர்த்தார்கள். 2020-ல் ஆஸ்திரேலியரான ஜாஷ் தாமஸ் உருவாக்கிய ‘எவ்ரிதிங்ஸ் கோனா பி ஓகே’ ஒரு படி மேலே போனது. அதில் மட்டில்டாவாக நடித்த கெய்லா க்ரோமர் ஆட்டிசம் உள்ளவர். மட்டில்டாவின் தோழியாக நடித்த லில்லியன் கேரியரும் அப்படியே. ஆட்டிசம் உள்ள இரண்டு பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள், சுற்றிவளைக்காமல், எதைப் பிடிக்கும் எதைப் பிடிக்காது என்று நேரடியாக. அதைக் கேட்டு வாயடைத்துப்போகிறவர்கள் மற்றவர்கள். சிரிப்பு இடம் மாறிவிட்டது. 2024-ல் வந்த ‘டைனோசர்’ கிளாஸ்கோ நகரத்துத் தொல்லுயிர் ஆய்வாளர் நீனாவின் கதை. நீனாவாக நடித்துத் தொடரை இணைந்து உருவாக்கிய ஆஷ்லி ஸ்டோரி ஆட்டிசம் உள்ள நகைச்சுவைக் கலைஞர். பழகி ஆறே வாரமான ஒருவரைத் தங்கை கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்கிறாள். நீனாவுக்கு அது அபத்தமாகப் படுகிறது. யோசித்துப் பார்த்தால் நீனா சொல்வதில்தான் நியாயம் இருக்கிறது.

மேடையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஆட்டிசம் உள்ள மேடை நகைச்சுவைக் கலைஞர் ஹேனா காட்ஸ்பி 2020-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘டக்ளஸ்’ நிகழ்ச்சியில், இன்றைக்கு என்னென்ன சொல்லப்போகிறேன், நீங்கள் எந்த இடத்தில் என்ன உணர்வீர்கள் என்று ஆரம்பத்திலேயே வரிசையாக ஒப்பிக்கிறார். அடுத்து நடக்கப்போவது முன்கூட்டியே தெரியவேண்டும் என்ற ஆட்டிசத் தேவையை நிகழ்ச்சியின் வடிவமாகவே ஆக்கிவிட்டார். சொன்னபடியே எல்லாம் நடக்கும்போது அரங்கம் இன்னும் அதிகமாகச் சிரிக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் திரைக்கு வராதவர்கள் அதிகம். அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் 2025 அறிக்கைப்படி அங்கே எட்டு வயதுக் குழந்தைகளில் 31-ல் ஒருவருக்கு ஆட்டிசம் கண்டறியப்பட்டிருக்கிறது. அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோருக்கு அறிவுத்திறன் குறைபாடும் உண்டு. நகைச்சுவைத் தொடர்களில் இவர்கள் எங்கே? பேச்சு வராத, தட்டச்சுப் பலகையிலோ படங்களைக் காட்டியோ பேசுகிற ஒருவர் முக்கியப் பாத்திரமாக வந்த நகைச்சுவைத் தொடர் எதையும் என்னால் சொல்ல முடியவில்லை. அவர்களிடமும் குறும்பு உண்டு, கோபம் உண்டு, அவர்கள் வீடுகளிலும் நாள்தோறும் சிரிப்பு உண்டு. 2022-ல் அமேசானில் வந்த ‘ஆஸ் வீ சீ இட்’ கொஞ்சம் நெருங்கியது. ஒரே வீட்டில் வசிக்கும் மூன்று இளைஞர்கள், மூவராகவும் நடித்தவர்கள் ஆட்டிசம் உள்ளவர்கள். ஒருவருக்கு வீட்டு வாசலைத் தாண்டித் தெருவில் நடப்பதே பெரும்பாடு. மேதைமைச் சலுகை அவருக்குக் கிடையாது. எட்டு எபிசோடோடு தொடரை நிறுத்திவிட்டார்கள். மட்டில்டா, நீனா போன்ற சிலரைத் தவிரப் பெண்களும் திரைக்கு அதிகம் வருவதில்லை. கண்டறியப்படும் பையன்களின் எண்ணிக்கை பெண் குழந்தைகளைப் போல மூன்று மடங்குக்கும் மேல். பெண் குழந்தைகள் பலர் மற்றவர்களைப் பார்த்து நடிக்கப் பழகிக்கொள்வதால் மருத்துவர் கண்ணிலிருந்தே தப்பிவிடுகிறார்கள். ‘பிக் பேங் தியரி’யில் ஷெல்டன் மணக்கும் ஏமி, அறிமுகமானபோது ஷெல்டனுக்குச் சளைக்காதவர். சீசன் ஏற ஏற அவருடைய தனித்தன்மையைத் தேய்த்துத் தேய்த்து, ஷெல்டனைப் பொறுத்துப்போகும் இன்னொருவராக ஆக்கிவிட்டார்கள். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

இந்தத் தொடர்கள் இப்போது ஓடிடி வழியாகத் தமிழ் வீடுகளிலும் ஓடுகின்றன. திக்குவாயையும் காது கேளாமையையும் வைத்துப் பல்லாண்டு சிரிக்கவைத்த சினிமா நம்முடையது. ஆட்டிசம் பக்கமும் அந்தப் பழக்கம் திரும்ப அதிக நாள் ஆகாது. நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் ஊனங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 2024 ஜூலை 8 அன்று உச்ச நீதிமன்றம், ‘ஆங்க் மிச்சோலி’ என்ற இந்திப் படம் தொடர்பான வழக்கில், திரையில் மாற்றுத்திறனாளிகளை எப்படிக் காட்டலாம் என்று நெறிமுறைகள் வகுத்தது. ஊனத்தைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு, ஊனமுற்றவரைச் சிறுமைப்படுத்தும் நகைச்சுவை வேறு என்று பிரித்துச் சொன்னது. எழுதும்போதே அவர்களையும் அவர்களுக்காக உழைக்கும் அமைப்புகளையும் கலந்துகொள்ளவேண்டும் என்றும் சொன்னது.

தமிழில் தொடர் எழுதுகிறவர்களிடமும் தயாரிக்கிறவர்களிடமும் நான் கேட்பது இதைத்தான். ஆட்டிசம் உள்ள பாத்திரத்தை எழுதுங்கள், தாராளமாகச் சிரிக்கவையுங்கள். காட்சியை எழுத உட்காரும்போதே ஆட்டிசம் உள்ள ஒருவரைக் கூட உட்காரவைத்துக்கொள்ளுங்கள், உரிய சம்பளத்தோடு.